அம்பலம் ஏறிய சொல்: அன்னாங் பெண்களும் பொதுவாழ்வும்

நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், இன்று அக்வா இபோம் என்று அழைக்கப்படும் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வாழும் மக்களுக்கு அன்னாங் என்று பெயர். இப்பெயரை அவர்களுக்கு இட்டவர்கள் அண்டையில் வாழும் இக்போ மக்கள் என்பர். 1950களின் தொடக்கத்தில் அன்னாங் ஊர்களில் தங்கி ஆய்வு செய்த ஜான் மெசஞ்சர் என்னும் மானிடவியலாளர், எந்தச் சூழலிலும் சுவையாகவும் பொருள் பொதியவும் பேசவல்ல ஆற்றல் என்பதே அப்பெயரின் பொருள் என்று குறித்துள்ளார். அங்கே வழக்கு மன்றத்தில் ஏற்ற நேரத்தில் எடுத்துவிடப்பட்ட ஒரு பழமொழி தீர்ப்பையே திருப்பிவிடும் என்று 1959இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அறிஞர்களால் விரும்பிப் படிக்கப்படுகிறது.

பேச்சே பெயராகிவிட்ட ஒரு மக்களினத்தில் பெண்களின் சொல் எங்கே எடுபட்டது, எப்போது எடுபடாமற் போயிற்று என்ற கேள்வி எழுவது இயல்பு. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நம் ஊர்ப் பழமொழி. அன்னாங் பெண்களின் சொல் ஒரு காலத்தில் அம்பலம் ஏறியது. அதன் பிறகு அம்பலத்தின் வாயிலை வேற்றார் வந்து மாற்றிக் கட்டினர். அந்தக் கதையில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்னாங் நிலத்தின் பெரும்பகுதி இன்று இக்கோட் எக்பெனே மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மறைமாவட்டம் 1963இல் கலபார் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் முதல் ஆயரான தோமினிக் எக்கண்டம், 1976இல் நைஜீரிய நாட்டின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டவர். ஆகவே இது நமக்கு முற்றிலும் அயலார் கதை அன்று.

பழைய ஒழுங்கைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அது புரியாமல் பின்வருவது விளங்காது. அன்னாங் மக்கள் தந்தைவழிச் சமூகத்தினர். நிலம் ஆண்வழியில் இறங்கும். ஊர்த்தலைவரும் மூத்தோர் அவையும் ஆண்கள். இறந்த மூதாதையரின் ஆவிகளாக முகமூடி அணிந்து வரும் எக்போ என்னும் கழகம் ஊர்க் கட்டுப்பாட்டைக் காத்து வந்தது. அதில் பெண்ணுக்கு இடமில்லை. எக்போ வெளியே வரும் நாளில் பெண்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டும். இவ்வளவோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், இது பெண்ணுக்கு வாயில்லாத ஊர் என்றே முடிவு கட்டிவிடுவார். ஆங்கிலேய அதிகாரிகள் பலர் அப்படித்தான் முடிவு கட்டினர்.

ஆனால் அதே ஊரில் இன்னொரு ஒழுங்கும் உயிரோடு இருந்தது. முதல் மகனை அக்பான் என்றும் முதல் மகளை அடியாஹா என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம். தலைமகள் என்ற நிலைக்கு வீட்டில் தனி மதிப்பு உண்டு. மணமாகி வேற்றூர் சென்ற பின்னும் பிறந்த வீட்டின் காரியங்களில் அவள் சொல்லுக்குக் கனம் இருந்தது. அதற்கும் மேலாக, ஊர்ப் பெண்கள் அனைவரும் சேர்ந்த அவை ஒன்று இருந்தது. இபான் இசோங் என்று அதைச் சொல்வர். ‘மண்ணின் பெண்கள்’ என்று பொருள். மனைவியை வரம்பு மீறி அடித்தவன், பெண்மையை இழித்துப் பேசியவன், பெண்களின் விளைச்சலில் கைவைத்தவன் ஆகியோரை இந்த அவை தண்டித்தது. பெண்கள் கூட்டமாகச் சென்று அவன் வீட்டு முற்றத்தை நிறைத்துக்கொண்டு, அவன் செய்த குற்றத்தைப் பாட்டாகக் கட்டி ஆடுவார்கள். அவன் அவையறியத் தவற்றை ஏற்று அபராதம் செலுத்தும்வரை அந்தப் பாட்டு ஓயாது. ஊர் ஆண்கள் அதில் குறுக்கிடுவதில்லை. எப்ரே என்று மற்றொரு பெண்கள் கழகமும் இருந்தது. பெண்கள் பயிரிடும் ஒரு வகை வள்ளிக்கிழங்கின் பெயரையே அது தாங்கியிருந்தது. களவு செய்தவள் அதில் உறுப்பினளாக இருக்க முடியாது. தோட்டத்தில் திருடினாள் என்று எப்ரே கழகம் விலக்கிவைத்த பெண்ணுக்கு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வழியில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். அந்தப் பெண் தனியாளாக நின்று ஊரிடம் பேசவில்லை. அவளுக்காக ‘மண்ணின் பெண்கள்’ பேசினார்கள். தனிப் பெண்ணுக்கு இல்லாத அதிகாரம் கூட்டத்துக்கு இருந்தது; அந்தக் கூட்டத்தை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை, எவரும் நியமிக்கவும் இல்லை. இது நம் காலத்து உரிமைக் கணக்கில் எளிதில் அடங்காத ஒரு முறை.

இந்த அதிகாரத்துக்குக் கீழே பொருளியல் அடித்தளமும் இருந்தது. அந்நாட்டின் செல்வம் எண்ணெய்ப்பனை. ஆண் மரமேறிக் குலை வெட்டுவான். பழத்தை வேகவைத்து, இடித்து, பிழிந்து சிவந்த எண்ணெயை எடுப்பது பெண்ணின் வேலை. எண்ணெய் விற்ற பணம் பெரும்பாலும் கணவனுக்கு. ஆனால் சக்கை நீக்கியபின் எஞ்சும் கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு மனைவிக்கு உரியது. அதை விற்ற காசில் உப்பு, மீன், துணி, பிள்ளையின் மருந்து எல்லாம் வரும். சந்தை முழுவதும் பெண்களின் கையில். எனவே, பருப்பின் விலை சரியும்போது அடி விழுவது பெண்ணின் மடியில்.

பனை என்றதும் இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். குருத்தோலை என்றால் நமக்குக் குருத்து ஞாயிறும், ‘ஓசன்னா’ பாடிச் செல்லும் பவனியும் நினைவுக்கு வரும். அன்னாங், இபிபியோ மக்களிடையே எண்ணெய்ப்பனையின் இளங்குருத்து ஒரு தடையுத்தரவு. வழக்கிலுள்ள நிலத்தில் அதைக் கட்டிவிட்டால் எவரும் கால் வைக்கமாட்டார்கள். அதைக் கையிலும் தலையிலும் தாங்கி வருபவர், சாதாரணக் காரியத்துக்காக வரவில்லை என்று பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஆட்சி இப்பகுதியில் வேரூன்றியது. வட நைஜீரியாவில் அமீர்களைக் கொண்டு ஆண்டதுபோல் இங்கும் ஆளவேண்டும் என்று விரும்பினர்; இங்கோ மன்னர்கள் இல்லை. ஆகவே அவர்களே தலைவர்களை உண்டாக்கினர். அரசு முத்திரையிட்ட வாரண்டு என்ற தாள் ஒன்றைப் பெற்றவன் தலைவன். அவன் சுதேச நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வான், சாலை போட ஆள் பிடிப்பான். ஊரார் மதிக்கும் மூத்தவர் ஒதுங்கி நிற்க, அதிகாரிக்கு முன் முதலில் வந்து நின்றவன் வாரண்டு பெற்ற கதைகள் பல. அந்த வாரண்டுகள் ஆண்களுக்கே வழங்கப்பட்டன. ஆண்களின் அவை உருக்குலைந்தேனும் அரசின் பதிவேட்டில் இடம்பெற்றது. பெண்களின் அவை பதிவேட்டிலேயே ஏறவில்லை. அதை ஒழிக்கவேண்டும் என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே ஆட்சியாளர் கண்ணில் படவில்லை. என்னைக் கேட்டால், தடை செய்யப்படுவதைக் காட்டிலும் இது கொடிது. தடை செய்யப்பட்டது எதிர்த்து நிற்கலாம். பாராமுகத்தை எதிர்த்து எங்கே நிற்பது? மனைவியை இழந்தவன், மனைவியை விலக்க விரும்பியவன், பரிசப்பணத்தைத் திரும்பக் கேட்டவன் என அனைவரும் இனி நீதிமன்ற எழுத்தரிடம் கட்டணம் கட்டி வழக்காடினர். பரிசம் போடாமலேயே பெண்களை எடுத்துக்கொண்ட வாரண்டுத் தலைவர்களைப் பற்றிய முறையீடுகளும் எழுந்தன. அவற்றை விசாரிக்க இருந்த மன்றம் அதே தலைவர்களின் மன்றம்.

1926, 1927ஆம் ஆண்டுகளில் அதிகாரிகள் ஊர் ஊராக வந்து ஆண்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்தனர். வெறும் கணக்குத்தான் என்றார்கள். 1928இல் ஆண்களுக்குத் தலைவரி வந்தது. 1929இல் எண்ணெய், பருப்பு இரண்டின் விலையும் இறங்கின. அந்த ஆண்டின் நவம்பர் மாதம், இக்போ பகுதியிலுள்ள ஒலோக்கோ என்ற ஊரில், வாரண்டுத் தலைவர் ஒக்குகோ அனுப்பிய ஆசிரியர் ஒருவர் மீண்டும் கணக்கெடுக்க வந்தார். எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த நுவன்யெருவா என்ற பெண்ணிடம் அவளது ஆடுகளையும் வீட்டாரையும் எண்ணிச் சொல்லச் சொன்னார். உன் தாயை எண்ணினார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். கைகலப்பு நேர்ந்தது. அன்றே பெண்கள் கூடினர். இம்முறை எண்ணுவது நம்மை, அடுத்த வரி நமக்கு என்ற அவர்களது ஐயம் முன் அனுபவத்தால் பிறந்தது. அதில் மூடத்தனம் எதுவும் இல்லை. பனையோலை மடித்து ஊருக்கு ஊர் செய்தி சென்றது. செய்தி பெற்ற ஊர் அடுத்த ஊருக்கு ஓலை அனுப்பவேண்டும்.

அந்த ஓலை டிசம்பரில் அன்னாங் நாட்டை எட்டியது. மொழி மாறியது, செய்தி மாறவில்லை. இளங்குருத்துச் சுற்றிய கோல்களை ஏந்தி, முகத்தில் கரி பூசி, தலையில் தழை கட்டிப் பெண்கள் சாலைகளில் இறங்கினர். இக்கோட் எக்பெனே, அபாக், உட்டு எட்டிம் எக்போ ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். வெளியார் பார்வைக்கு இது வெறிக்கூட்டம். உள்ளே இருந்து பார்த்தால், பழைய இபான் இசோங் அவை குற்றவாளி ஒருவனின் முற்றத்தை நிறைக்கச் செல்கிறது. இம்முறை குற்றவாளி ஊரான் ஒருவன் அல்லன், அரசு. பாட்டும் ஆட்டமும் இழித்துரையும் எல்லாம் பழைய முறையின்படியே நிகழ்ந்தன. தலைவர்களின் வாரண்டையும் தொப்பியையும் பறித்தனர். சுதேச நீதிமன்றக் கட்டடங்களைக் குறிவைத்தனர். தங்கள் வழக்கை விழுங்கிவிட்ட மன்றத்தை எரித்தவர்களைப் பார்த்து, எரிப்பதற்கு வேறெதுவும் அகப்படவில்லையா என்று அப்போது அதிகாரிகள் வியந்திருக்கக் கூடும். உட்டு எட்டிம் எக்போவில் நீதிமன்றத்தோடு ஐரோப்பிய வணிகக் கிடங்கும் தாக்கப்பட்டது.

பெண்கள்மேல் அரசு சுடாது என்று அவர்கள் உறுதியாக நம்பினர். பழைய ஒழுங்கில் பெண்களின் கூட்டத்தின்மேல் எந்த ஆணும் கைவைப்பதில்லை அல்லவா? அந்த வழக்கத்தை வெள்ளையரும் அறிவர் என்று எண்ணிவிட்டனர். டிசம்பர் நடுவில் அபாக்கில் துப்பாக்கி வெடித்து 3 பெண்கள் இறந்தனர். உட்டு எட்டிம் எக்போவில் 18 பெண்கள் இறந்தனர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் காயமுற்றனர். 16ஆம் நாள், இன்னும் தெற்கே கடலோரத்தில், இபிபியோ நிலத்தை ஒட்டிய ஒப்போபோவில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒப்போபோவில் அன்று துப்பாக்கி வெடிக்குமுன் நடந்தது குறிப்பிடத்தக்கது. பெண்களின் தலைவியர் மாவட்ட அதிகாரியின் முன் தங்கள் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பெண்களுக்கு வரி கூடாது. உடைமைகளை எண்ணக்கூடாது. சந்தைக் கொட்டகைக்கு வாடகை கேட்கக்கூடாது. ஆடல் கூத்து நடத்த உரிமச்சீட்டு வேண்டியதில்லை. ஆண்களும் வரி கட்டக்கூடாது. அவற்றைத் தட்டச்சு செய்து தரவேண்டும், ஒரு படி போதாது, பல படிகள் வேண்டும், உறையிலிட்டுத் தரவேண்டும். எழுத்தறியாத பெண்கள் எழுத்தைக் கேட்டார்கள்! இருபது ஆண்டுக் காலம் வாரண்டு என்ற தாளின் ஆட்சியை அனுபவித்தவர்களுக்குத் தாளின் வலிமை தெரிந்திருந்தது. ஆடுவதற்கு உரிமச்சீட்டு வேண்டாம் என்ற கோரிக்கையை முதலில் படித்தபோது இத்தனை பெரிய காரியங்களுக்கிடையே இது எதற்கு என்றுதான் தோன்றும். ஆட்டமே அவர்களின் அவை நடவடிக்கை என்பதை நினைவிற்கொண்டால், அவர்கள் கேட்டது பேச்சுரிமை என்பது விளங்கும்.

இந்நிகழ்ச்சிகளுக்கு அரசுத் தாள்கள் ‘அபா கலவரங்கள்’ என்று பெயரிட்டன. பாடநூல்களும் பல்லாண்டுகள் அப்பெயரையே வழங்கின. அபா இக்போ நகரம். அங்கே ஊர்திக்கு அடியில் சிக்கி இரண்டு பெண்கள் இறந்ததும், அதனால் கிளர்ச்சி கடுமை பெற்றதும் உண்மை. ஆனால் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தவர்கள் வீழ்ந்தது அபாவில் அன்று. அபாக், உட்டு எட்டிம் எக்போ, ஒப்போபோ ஆகிய கலபார் மாகாணத்து ஊர்களில். அதிலும் 21 பேர் அன்னாங் மண்ணில் இறந்தனர். அவர்கள் இறந்த ஊர் பெயரில் இல்லை. அவர்கள் நடத்தியது கலவரமும் இல்லை. இக்போ பெண்கள் அதை ‘ஓகு உமுன்வான்யி’ என்றனர். அன்னாங், இபிபியோ பெண்கள் ‘எக்கோங் இபான்’ என்றனர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: பெண்களின் போர். நைனா எம்பா போன்ற வரலாற்றாசிரியர்களின் உழைப்பால் இப்பெயர் இன்று நூல்களிலும் நிலைபெற்றுவிட்டது.

1930இல் தலைமை நீதிபதி டொனால்ட் கிங்டன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின்முன் நூற்றுக்கணக்கானோர் சாட்சியமளித்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். அரசு ஒரு பக்கம் கிளர்ச்சி நடந்த பகுதிகளுக்குக் கூட்டு அபராதம் விதித்தது. மறுபக்கம் தன் முறையைத் திருத்திக்கொண்டது. வாரண்டுத் தலைவர் முறை ஒழிந்தது. ஊர்களின் பழைய அமைப்பை ஆராய அதிகாரிகள் அனுப்பப்பட்டனர். 1930களில் ஊர்ப் பெரியோர் பலர் சேர்ந்து அமரும் மன்றங்கள் வந்தன. பெண்களுக்கு வரி விதிக்கப்படவில்லை. போரைத் தொடங்கியது பெண்கள்; அதன் விளைவாக வந்த மன்றங்களில் அமர்ந்தவர்கள் சிலரைத் தவிர அனைவரும் ஆண்கள்.

அடுத்து வந்த ஆண்டுகள் இருண்டவை. 1945 முதல் 1948 வரை தென் அன்னாங் பகுதியில் தொடர்ச்சியாகப் பல கொலைகள் நிகழ்ந்தன. சிறுத்தை அடித்ததுபோல் தோற்றம் தரும் காயங்களோடு பிணங்கள் கிடந்தன. ‘மனிதச் சிறுத்தைக் கழகம்’ என்று காவல்துறை பெயரிட்டு, 70க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டது. டேவிட் பிராட்டன் என்னும் அறிஞர் 2007இல் வெளியிட்ட நூலில் இதை ஆழமாக ஆராய்ந்துள்ளார். பரிசப்பணம், மணவிலக்கு, அதைச் சார்ந்த நீதிமன்ற வழக்குகள் ஆகியவற்றால் குடும்பங்களுக்குள் மூண்ட பகை இக்கொலைகளின் பின்னணியில் தென்படுகிறது. பெண் நீதிமன்றம் செல்லக் கற்றுக்கொண்டது அச்சமூகத்தில் எவ்வளவு பெரிய அதிர்வு என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஏறத்தாழ இதே காலத்தில் அரசு பனைநாட்டில் எண்ணெய் ஆலைகளை நிறுவத் தொடங்கியது. பழக்குலையை அப்படியே ஆலைக்கு விற்றுவிட்டால் எண்ணெயோடு பருப்பும் போய்விடும்; பருப்பு போனால் பெண்ணின் காசு போய்விடும். பனைநாட்டின் பல இடங்களில் பெண்கள் மீண்டும் திரண்டு ஆலைகளை எதிர்த்தனர். ஓலையின் நினைவு அழியவில்லை.

இனி திருச்சபையின் பங்கைப் பேசவேண்டும். இரு பக்கமும் பேசவேண்டும். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் கொன்று, தாயை ஊரைவிட்டு விலக்கிய கொடுமை அப்பகுதியில் இருந்தது. அத்தாய்மாரை அரவணைத்தவர்கள் மறைப்பணியாளர்கள்; புராட்டஸ்டண்டு சபையினர் நமக்கு முன்னரே அப்பணியில் இறங்கினர். மணத்துக்குமுன் பெண்களைத் தனியறையில் அடைத்து, ஊட்டி வளர்த்து, இல்லறம் பயிற்றிய ம்போப்போ என்ற வழக்கத்தைக் கைவிடச் செய்து பள்ளிக்கு அனுப்பியவர்களும் அவர்களே. இவை நன்மைகள். அதே சமயம், இபான் இசோங், எப்ரே போன்ற அமைப்புகளும் புறச்சமயச் சடங்கு என்ற ஒரே கூடையில் போடப்பட்டன. அவற்றின் சடங்குகளைக் கண்டவர்கள் அவற்றின் நீதியைக் காணவில்லை. களையோடு பயிரும் பிடுங்கப்படும் என்று எச்சரித்த உவமையை நாள்தோறும் போதித்தவர்களே பிடுங்குவதில் அவசரம் காட்டினார்கள் என்பது என் கருத்து. தொடக்ககாலப் பெண்கள் பள்ளிகளும் பெரும்பாலும் தையல், சமையல், சிசு பராமரிப்பு கற்பித்து, ஆசிரியருக்கும் உபதேசியாருக்கும் ஏற்ற மனைவியரை உருவாக்கவே முனைந்தன. ஊர் அவையில் எழுந்து பேசக் கற்றுக்கொடுக்கும் பாடம் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆயினும் எவரும் திட்டமிடாத ஒன்று நிகழ்ந்தது. அயர்லாந்தின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சார்ந்த மக்தலேன் வாக்கர் என்னும் சகோதரி 1923இல் கலபாருக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். 1930இல் திருக்குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் அங்கு வந்து சேர்ந்தனர். 1931இல், உட்டு எட்டிம் எக்போவில் துப்பாக்கி வெடித்து ஈராண்டுகள்கூட நிறைவடையாத வேளையில், அப்பள்ளியைச் சார்ந்த நான்கு இளம்பெண்கள் துறவற வாழ்வை விரும்பி முன்வந்தனர். அவர்களைக்கொண்டு பிறந்ததே திருக்குழந்தை இயேசுவின் பணிப்பெண்கள் சபை. அன்னாங் நிலத்தில் இக்கோட் எக்பெனே அருகேயுள்ள இஃபுஹோ, அச்சபையின் முக்கிய மையமாக வளர்ந்தது. பிற்காலத்தில் கானா, டோகோ நாடுகளுக்கும் அச்சகோதரிகள் பணியாற்றச் சென்றனர்.

நம் வாசகர்களுக்கு இதில் வியப்பு தோன்றாமல் இருக்கலாம்; நம் ஊர்களில் கன்னியர் மடங்கள் பழகிப்போன காட்சி. மணமும் மகப்பேறும் அன்றி பெண்ணுக்கு வேறு மதிப்பே இல்லாத ஓர் ஊரில், கணவனும் பிள்ளையும் இல்லாத பெண் தலைமை ஆசிரியையாக அமர்ந்து, பள்ளிக் கணக்கில் கையெழுத்திட்டு, ஆண் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததை எண்ணிப்பாருங்கள். பெண்களைப் பரிசப்பணத்தால் அளந்த ஊரில் அது எந்த வழக்கு மன்றத்திலும் கேட்கப்படாத வாதம். அதுபோன்றே, மரிய மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் 1937 முதல் ஊயோ அருகே அனுவாவில் நடத்திய தூய லூக்கா மருத்துவமனையில் செவிலியரும் தாதியரும் பயிற்சி பெற்றனர். அன்னாங் பகுதியிலுள்ள ஊருவா அக்பானிலும் அச்சகோதரிகளின் மருத்துவமனை இயங்கியது. சம்பளம் பெறும் பெண், மாற்றலாகி வேற்றூர் செல்லும் பெண், சீருடை அணிந்த பெண் என்று புதிய வகையினர் ஊரில் நடமாடத் தொடங்கினர். 1957இல் கிழக்கு மண்டல அரசு அனைவர்க்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தபோது அந்த ஓடை ஆறாயிற்று.

கிழக்கு மண்டலப் பெண்கள் 1950களின் நடுவில் வாக்குரிமை பெற்றனர். வட நைஜீரியப் பெண்களுக்கு அது 1976 வரை கிடைக்கவில்லை. அன்னாங் வணிகப் பெண்கள் நாள்தோறும் சென்று வந்த அபா நகரில், கலபாரை அடுத்த கிரீக் டவுனில் பிறந்த மார்கரெட் எக்போ சந்தைப் பெண்களுக்குச் சங்கம் அமைத்தார். இரண்டாம் உலகப் போரை ஒட்டி உப்புத் தட்டுப்பாடு வந்தபோது, சங்கம் உப்பை வாங்கி உறுப்பினருக்கு மட்டும் விற்றது. கணவன்மார் தாமாகவே மனைவியரைச் சங்கத்துக்கு அனுப்பினராம்! 1961இல் அவர் மண்டலச் சட்டமன்ற உறுப்பினரானார். அவரது சங்கத்தில் பழைய பெண்கள் அவையின் சாயல் தெரிகிறது. சந்தையே அதன் அடித்தளம்.

1967இல் உள்நாட்டுப் போர் வந்தது. இக்கோட் எக்பெனே இரு படைகளின் கைகளுக்கும் மாறி மாறிச் சென்று சிதைந்தது. ஆண்கள் படைக்குப் போனார்கள் அல்லது படைக்கு அஞ்சி மறைந்தார்கள். போர்முனைக் கோட்டைத் தாண்டிச் சென்று உப்பும் உணவும் கொண்டுவந்து விற்றவர்கள் பெண்கள். அதைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இக்போ பெண்களையே பேசுகின்றன. சிறுபான்மை இனத்தாரின் வரலாறு போரிலும் பெரும்பான்மையின் நிழலில்தான் எழுதப்படுகிறது.

1987 செப்டம்பர் 23இல் அக்வா இபோம் தனி மாநிலமாயிற்று. அன்னாங் மக்கள் அதில் அபாக், எஸ்ஸியன் உடிம், எட்டிம் எக்போ, இக்கா, இக்கோட் எக்பெனே, ஓபோட் அக்காரா, ஒருக் அனாம், உக்கனாஃபுன் என்ற எட்டு உள்ளாட்சிப் பகுதிகளில் வாழ்கின்றனர். படித்த அன்னாங் பெண்கள் நீதித்துறை, கல்வி, மருத்துவம், அரசுப் பணி எனப் பல துறைகளில் நிறைந்துள்ளனர். மாநில அளவில் 2012இல் வலெரி எபே துணை ஆளுநரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2023இல் அக்கோன் எயாக்கென்யி அதே பதவியேற்றார். அதற்குமுன் மத்திய அமைச்சராகவும் செனட் உறுப்பினராகவும் இருந்தவர். பெண்மீதான வன்முறையைத் தடுக்கும் சட்டம் மாநிலத்தில் 2020இல் வந்தது. பழைய காலத்தில் இபான் இசோங் முற்றத்தில் பாடித் தீர்த்த வழக்கு இப்போது எழுத்துச் சட்டமாகிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் இந்தப் பதவிகளைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. துணை ஆளுநர் என்பது ஆளுநர் தேர்ந்தெடுத்துத் தன் அருகில் நிறுத்தும் பதவி. அதில் அமரும் பெண் எவ்வளவு திறமை வாய்ந்தவராயினும், அவரை அங்கே அனுப்பியது பெண்களின் அவை அன்று, கட்சி. கட்சியில் வேட்பாளராவதற்குப் பெரும்பணம் வேண்டும். பருப்பு விற்ற காசு அதற்குப் போதாது. பழைய முறையில் தனிப் பெண்ணுக்கு இடமில்லை, கூட்டத்துக்கு அதிகாரம் இருந்தது. புதிய முறையில் தனிப் பெண்ணுக்கு இடமுண்டு, கூட்டம் தேர்தல் நாளில் சீருடைத் துணி கட்டி ஆடுவதற்கு அழைக்கப்படுகிறது. ஆட்டத்துக்கு உரிமச்சீட்டு வேண்டாம் என்று கேட்டவர்களின் பேத்திகள், அடுத்தவர் மேடையில் கூலிக்கு ஆடுவதை முன்னேற்றம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பழைய அவையின் தொடர்ச்சியை வேறோர் இடத்தில் தேடலாம் என்று நினைக்கிறேன். நைஜீரியாவின் பங்குகளில் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்பு ஒன்று உண்டு. ஒரே நிறத் துணி, கட்டாய உறுப்பினர் கூட்டம், வராதவருக்கு அபராதம், கைம்பெண்ணை உறவினர் கொடுமைப்படுத்தினால் தட்டிக்கேட்கும் துணிவு ஆகியவை அதன் அடையாளங்கள். இவை உரோமையிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்தவை அல்ல. மறைப்பணியாளர் முன்வாயிலில் தடுத்ததை அந்தப் பெண்கள் பின்வாயில் வழியாகக் கோவிலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பங்குத்தந்தைமார் பலரும் தம் பங்கில் அவர்களைப் பகைத்துக்கொள்ளத் துணிவதில்லை என்பதை நம்ப எனக்குத் தயக்கமில்லை. நம் ஊர் அனுபவமும் வேறன்று.

நாட்டளவில் நிலைமை வேறு. 2022 மார்ச் 1ஆம் நாள், பெண்களுக்கெனச் சட்டமன்றங்களில் தனி இடங்கள் ஒதுக்குவது உள்ளிட்ட ஐந்து அரசியலமைப்புத் திருத்த முன்மொழிவுகளை அபுஜாவிலுள்ள தேசிய நாடாளுமன்றம் நிராகரித்தது. மறுநாளே பெண்கள் நாடாளுமன்ற வாயிலில் வந்து அமர்ந்தார்கள். பாடினார்கள், நாட்கணக்கில் அங்கிருந்து அகலவில்லை. அவர்கள் பல மாநிலத்தவர், பல மொழியினர். அவர்களுள் பலருக்கு உட்டு எட்டிம் எக்போ என்ற ஊர்ப்பெயர் தெரிந்திராது. ஒரு வாரத்துக்குள் கீழவை இறங்கிவந்து, ஐந்தில் மூன்றை மறுபடியும் எடுத்துக்கொள்ள இசைந்தது. தனி இட ஒதுக்கீடு அந்த மூன்றில் இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் புதிய செனட் கூடியபோது, 109 இருக்கைகளில் மூன்றில் பெண்கள் அமர்ந்திருந்தனர்.